மூன்றாம் நாள் எடை

அம்மாவின் தராசு இன்னும் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.
பித்தளைக் குழல், உள்ளே ஒரு சுருள்வில், கீழே கொக்கி.
ஐந்து கிலோவுக்கு மேல் அதற்கு எண்ணத் தெரியாது.
பாப்பாரப்பட்டி ஆரம்ப சுகாதார நிலையம் என்று பொறித்தது
தேய்ந்து தேய்ந்து
"நிலை" மட்டும் மிஞ்சியிருக்கிறது.

ஆரவல்லி சிஸ்டர் என்றால்
அள்ளி என்று முடிகிற அத்தனை ஊருக்கும் தெரியும்.
வீட்டில் அவள் வெறும் அம்மா,
அதுவும் ராத்திரி எட்டரைக்கு மேல்.

ஆண் பிறந்த வீட்டுக்கு எட்டாம் நாள் போவாள்.
பெண் என்றால் மூன்று, ஐந்து, ஏழு,
அப்புறம் "இந்தப் பக்கமா வந்தேன்" என்று சும்மா ஒருநாள்.
யாரையும் எதுவும் கேட்க மாட்டாள்.
விட்டத்தில் தராசை மாட்டி
பழஞ்சேலைத் தூளியில் பிள்ளையைக் கிடத்தி
முள் நடுங்கி நிற்கும்வரை காத்திருப்பாள்.
பிறகு எண்ணை உரக்கச் சொல்வாள்,
மாட்டுக்கொட்டகையில் நிற்கும் மாமியாருக்கும் கேட்கும்படி,
கடன் பாக்கி வாசிக்கிற குரலில்:
"ரெண்டே கால். அடுத்த வியாழன் வருவேன்.
ரெண்டரை இருக்கணும்."

ஒரு வியாழன் போனபோது
விட்டம் இருந்தது, தூளி இருந்தது.
அன்றிரவு களியை உருட்டி உருட்டி
தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்துபோனாள்.
சர்க்காருக்கு ஒரு பதிவேடு, தனக்கென்று ஒரு நோட்டு.
அந்த நோட்டில் அந்த வரிக்கு எதிரே எண் இல்லை.
பேனா அழுத்திய இடத்தில் ஓட்டை.

நான் அந்தக் குழந்தைகளை வெறுத்தேன்.
இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.
என் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையன்று
வத்தல்மலையில் யாருக்கோ பனிக்குடம் உடையக் காத்திருந்தாள்.
அப்பா மூன்று நாள் தாங்குகிற புளிக்குழம்பு வைக்கப் பழகினார்.
"நானும் பொண்ணுதானே,
என்னைப் பாக்க என்னைக்கு வருவ?"
கேட்டுவிட்டேன் ஒருநாள்.
பதில் இல்லை.
நடுராத்திரி வந்து போர்வையை விலக்கி
என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.
பாசமா, நாடி பார்த்தாளா,
இன்றுவரை தெரியாது.

என் மகன் பிறந்தபோது அவள் ஓய்வு பெற்றிருந்தாள்.
"ஆம்பளப் பிள்ளை, எட்டாம் நாள் போதும்" என்று சிரித்தவள்
மூன்றாம் நாளே தராசை மாட்டிவிட்டாள்.
கடைசி வருடங்களில் பெயர்கள் உதிர்ந்தன,
எண்கள் உதிரவில்லை.
"மூணு நூறு, தண்ணி கொண்டா" என்பாள்.
ஆறடி உயரத்துக்கு வளர்ந்த இளம்பரிதி
சொம்போடு வருவான்.

எண்பத்தாறில் போனாள், மார்கழிக் குளிரில்.
பெங்களூர் ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கினார்கள் பெண்கள்,
நகக்கண்ணில் சிமெண்ட்டோடு,
போர்த் தண்ணி குடித்துப் பழுப்பேறிய பற்களோடு.
எனக்கு ஒருத்தியையும் தெரியாது.
அழுதவர்கள் குறைவு.
ஒருத்தி என் முழங்கையைத் தொட்டு,
"அந்த நோட்டு இருக்குங்களா?
எங்கம்மா சொல்லும். என் நம்பரைப் பாக்கணும்."

ஊரும் வருடமும் கேட்டுத் தேடினேன்.
ரெண்டு கிலோ நூற்றைம்பது. மூன்றாம் நாள்.
அவள் அதை இரண்டுமுறை தனக்குத்தானே சொல்லி
தோடு வாங்கிக்கொண்டவள் மாதிரி நகர்ந்தாள்.
அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி.
அவளுக்குப் பின்னால் வரிசை.
மேளக்காரர்கள் பீடி பற்றவைத்துக்கொண்டார்கள்.
பங்காளிகள் மணி பார்த்தார்கள்.
"சத்தமா சொல்லும்மா" என்றது ஒரு குரல்,
சொன்னேன்.
அம்மாவின் குரல் எனக்கு வரவில்லை,
ஆனாலும் தெருமுனைவரை கேட்டது.

எல்லாரும் போன பிறகு
என்னுடையதைத் தேடினேன்.
முன்னும் பின்னும் புரட்டினேன்.
இல்லை.

நான் பிறந்த மாதம்
அவள் விடுப்பில் இருந்தாள்.